வீட்டில் வேலை நடக்கும் நாட்கள்: டீ, கழிப்பறை, சாவி, சம்பளம்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். சென்னையில் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில், இரண்டாம் மாடி வீடு. இரண்டு குளியலறைகளையும் சமையலறையையும் உடைத்துப் புதிதாகச் செய்து, பிறகு வீடு முழுக்க பெயிண்ட் அடிக்கப் போகிறீர்கள். ஆறு வாரம் ஆகும் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். வீட்டில் நீங்களும் உங்கள் அம்மாவும் மட்டும். பகலில் நீங்கள் ஓர் அறையில் அமர்ந்து அலுவலக வேலை பார்ப்பீர்கள். வேலையாட்களுக்கு டீ கொடுக்க வேண்டுமா, கழிப்பறையைப் பயன்படுத்த விடலாமா, மதியம் படுத்துத் தூங்கினால் என்ன சொல்வது, பொருள்களை எப்படிப் பாதுகாப்பது, எவ்வளவு நேரம் கூடவே நிற்பது என்று கேட்கிறீர்கள். "இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள், கண்டிப்பாக இரு" என்று உங்கள் பெரியம்மா எச்சரித்ததையும் எழுதியிருக்கிறீர்கள்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலையை மேற்பார்வை செய்கிறேன். அப்பா கொத்தனார். அம்மா சித்தாளாக அவருக்குக் கலவை எடுத்துக் கொடுத்தவர். பள்ளி விடுமுறையில் அவர்களோடு போய், வேலை நடக்கும் வீட்டின் ஓரத்தில் உட்கார்ந்து பாடம் எழுதியவள் நான். எந்த வீட்டில் கூடம்வரை போகலாம், எந்த வீட்டில் திண்ணையோடு நிற்க வேண்டும், எந்த வீட்டில் கொல்லைப்புறம் சுற்றித்தான் வர வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். அதனால் இரண்டு பக்கமும் நின்று சொல்கிறேன்.

பெரியம்மாவின் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வேலை நடக்கும் வீடுகளில் மனக்கசப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் நான் பார்த்த கசப்புகளில் பெரும்பாலானவை, இடம் கொடுத்ததால் வந்தவை அல்ல. எந்த இடம் என்று யாருமே வாய் திறந்து சொல்லாததால் வந்தவை. புதிதாக ஒரு வீட்டுக்குள் நுழையும் வேலையாளுக்குத் தன் பையை எங்கே வைப்பது என்று தெரியாது. எந்தத் தண்ணீரைக் குடிக்கலாம், எந்தக் கதவைத் திறக்கக் கூடாது என்று தெரியாது. கேட்கக் கூச்சம். அவராக ஒன்றை ஊகித்துக்கொண்டு உங்கள் படுக்கையறையை ஒட்டிய கழிப்பறைக்குள் போய்விடுகிறார். உங்களுக்குச் சுருக்கென்கிறது. மாலைவரை முகம் கொடுத்துப் பேச மாட்டீர்கள். அவருக்கோ தான் என்ன செய்துவிட்டோம் என்றே தெரியாது.

ஆகவே முதல் நாள், சுத்தியல் சுவரில் படுவதற்கு முன், ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மேஸ்திரியோடு மட்டுமல்ல, வந்திருக்கும் எல்லோரோடும். பெயரைக் கேளுங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள், அம்மாவையும் அறிமுகப்படுத்துங்கள். பிறகு நடந்து காட்டுங்கள்: பைகளை இங்கே வைக்கலாம், உடை மாற்ற இந்த அறை, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது, குடிநீர் இந்தப் பானையில், கழிப்பறை இது, சாப்பிட இந்தக் கூடம், மின்விசிறி போட்டுக்கொள்ளுங்கள், அம்மாவின் அறைக்குள்ளும் நான் வேலை செய்யும் அறைக்குள்ளும் போக வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், பீடி, சிகரெட் வீட்டுக்குள் வேண்டாம், கீழே போய்ப் பிடித்துவிட்டு வாருங்கள். ஒரே மூச்சில், ஒரே குரலில், கொடுப்பதையும் தடுப்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், தடுப்பது உறுத்தாது. மூன்றாம் நாள் கோபத்தோடு சொல்லும் அதே வாக்கியம் அவமானமாகப் போய் விழும்.

இதில் கழிப்பறை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் கேட்கவே தயங்கும் கேள்வி அது. என் அம்மா வேலைக்குப் போன நாட்களில் காலையில் ஒரு டம்ளர் கஞ்சிதான் குடிப்பார். தாகம் எடுத்தால் வாயைக் கொப்பளித்துத் துப்புவார், விழுங்க மாட்டார். தண்ணீர் குடித்தால் எங்கே போவது? ஆண்களுக்குச் சுவரோரம், மரத்தடி என்று ஏதோ ஒன்று இருந்தது. பெண்களுக்கு இருட்டும் வரை அடக்குவதைத் தவிர வழியில்லை. சிறுநீர்ப் பாதையில் தொற்று வந்து காய்ச்சலோடு வேலைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். இன்றும் நகரத்தில் வீட்டு வேலைக்கு வரும் பெண்களும் சித்தாட்களும் இப்படித்தான் சமாளிக்கிறார்கள். அதே வீட்டின் கழிப்பறையைத் தேய்த்துக் கழுவும் பெண்ணுக்கு அதைப் பயன்படுத்த அனுமதி இல்லை என்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

எட்டு மணி நேரம் ஒருவரை வீட்டில் வேலை வாங்குகிறோம் என்றால் கழிப்பறை கொடுத்தே ஆக வேண்டும். இதை நான் விருந்தோம்பலாகச் சொல்லவில்லை. வேலையின் விலைக்குள் அடங்கியது என்றே சொல்கிறேன். கீழே காவலாளிக்கான கழிப்பறை இருக்கிறதே என்பீர்கள். முதலில் போய்ப் பாருங்கள்: தாழ்ப்பாள் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, ஒரு பெண் உள்ளே போக முடியுமா? பெரும்பாலும் முடியாது. உங்கள் நிலையில் இதற்கு எளிய வழி உண்டு: இரண்டு குளியலறைகளையும் ஒரே நேரத்தில் உடைக்காதீர்கள். பொதுக் குளியலறையை வேலையாட்களுக்கு விட்டுவிட்டு, படுக்கையறையை ஒட்டியதை முதலில் முடியுங்கள். பிறகு இடம் மாற்றிக்கொள்ளலாம். மேஸ்திரி இரண்டையும் ஒன்றாக உடைத்தால் சீக்கிரம் முடியும் என்பார். குழாய் வேலைக்கு ஆள் இரண்டு முறை வர வேண்டும் என்பதால் செலவும் கொஞ்சம் கூடும். ஆனால் கழிப்பறை இல்லாத வீட்டில் வயதான அம்மாவோடு இருக்க முடியாது என்பதையும் நினைத்துப் பாருங்கள். பயன்படுத்தும் கழிப்பறையில் சோப்பு, வாளி, மூடியுள்ள குப்பைக்கூடை வைத்துவிடுங்கள். சுத்தமாக வைத்திருக்கச் சொல்வது உங்கள் உரிமை. சிமெண்ட் சட்டியை அங்கே கழுவக் கூடாது என்பதைக் குறிப்பாகச் சொல்லுங்கள்; குழாய்க்குள் சிமெண்ட் இறுகினால் பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து டீ. எங்கள் தொழிலில் பதினொரு மணிக்கு ஒன்று, நான்கு மணிக்கு ஒன்று. நாள் கூலிக்கு ஆள் வைத்தால் டீயை வீட்டுக்காரர் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். மொத்தமாக ஒப்பந்தம் பேசியிருந்தால் அது மேஸ்திரியின் பொறுப்பாக இருக்கலாம். எது என்று முன்கூட்டியே மேஸ்திரியிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். உங்கள் சமையலறையை உடைக்கப் போவதால், நீங்கள் போட்டுக் கொடுப்பது நடக்காது. கடையிலிருந்து ஃபிளாஸ்க்கில் வாங்கி வரச் சொல்லி அன்றன்றே பணம் கொடுத்துவிடலாம். ஒரு பன்னோ வடையோ சேர்த்தால், காலை ஆறு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் பஸ் பிடித்து வந்தவருக்கு அது பெரிய விஷயம். மதியச் சாப்பாடு கொடுக்கத் தேவையில்லை. பெரும்பாலும் கொண்டு வருவார்கள். கொடுக்க ஆசைப்பட்டால் ஒரு நாள் எல்லோருக்குமாகக் கொடுங்கள். நேற்று மிஞ்சியதை இன்று நீட்டாதீர்கள்.

டீயைவிட முக்கியம் டம்ளர். வெளிப்படையாகவே எழுதுகிறேன். பல வீடுகளில் வேலையாட்களுக்கென்று மூலையில் ஒரு நசுங்கிய டம்ளர், ஒரு பழைய தட்டு உண்டு. காரணம் கேட்டால் "சுத்தம்" என்பார்கள். அதே வீட்டுக்கு வங்கியிலிருந்து ஓர் அதிகாரி வந்தால் அவர் கை சுத்தமா என்று யாரும் பார்ப்பதில்லை. கொத்தனார் குடித்த டம்ளரைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போகாத அழுக்கு எதுவும் இல்லை. இது தேநீர்க்கடை இரட்டைக் குவளையின் வீட்டு வடிவம். அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை எந்த வடிவிலும் ஒழித்துவிட்டது என்கிறது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. என் அப்பா ஓட்டு வீடு ஒன்றைப் பழுது பார்த்தபோது, குடிக்கத் தண்ணீர் கேட்டால் சொம்பை உயரத் தூக்கி அவர் கையில் ஊற்றுவார்கள். குனிந்து குடிப்பார். அப்போது அவர் முகத்தை நான் பார்த்தது தெரிந்துவிட்டால், அன்று வீடு திரும்பும்வரை என்னோடு பேச மாட்டார். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளர் போதும். அம்மாவுக்கு நோய் எதிர்ப்பு குறைவு என்று மருத்துவக் காரணம் இருந்தால், அவருடைய டம்ளரைத் தனியாக வையுங்கள்.

லிஃப்ட்டும் இப்படித்தான். சில குடியிருப்புச் சங்கங்கள் வேலையாட்கள் லிஃப்ட்டில் ஏறக் கூடாது என்று பலகை மாட்டுகின்றன. இடிபாட்டு மூட்டைகளை ஏற்றக் கூடாது, உட்புறத்தில் அட்டை கட்ட வேண்டும் என்றால் சரி, இயந்திரம் கெட்டுவிடும். ஆளே ஏறக் கூடாது என்பதில் என்ன நியாயம்? ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டையை மாடிப்படியில் சுமந்து ஏறியவர், வெறும் கையோடு இறங்கும்போதும் லிஃப்ட்டைத் தொடக் கூடாது என்றால் அது பராமரிப்பு விதி இல்லை. வேலை தொடங்கும் முன்பே சங்கத்தில் பேசிவிடுங்கள். இடிக்கவும் துளை போடவும் எந்த நேரம் அனுமதி, ஞாயிற்றுக்கிழமை உண்டா என்பதையும் அப்போதே கேட்டு, மேலும் கீழும் இருப்பவர்களிடம் நீங்களே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். அவர்கள் கோபத்தைச் சித்தாள் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

செருப்பைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. நம் வீடுகளில் செருப்பை வாசலில் கழற்றுவது பழக்கம். வேலையாட்களும் சொல்லாமலே கழற்றிவிடுகிறார்கள். பெயிண்ட் அடிக்கும்போது அதனால் பாதகமில்லை. ஆனால் பழைய டைல்ஸை உடைக்கும் நாட்களில் வெறுங்காலோடு நிற்பது ஆபத்து. டைல்ஸ் சில்லு கத்தியைப் போல வெட்டும். பழைய மரச்சட்டத்து ஆணி பாதத்தில் ஏறும். "அண்ணே, செருப்பைப் போட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள், தரையை நான் கழுவிக்கொள்கிறேன்" என்று நீங்களாகச் சொல்ல வேண்டும். அவர்களாகக் கேட்க மாட்டார்கள். பூசையறைக்குள் மட்டும் வேண்டாம் என்றால் அதையும் சொல்லுங்கள். அதை எல்லோருமே மதிப்பார்கள். டைல்ஸ் அறுக்கும் இயந்திரத்தின் பிளக் ஈரத்தில் கிடக்கிறதா, அதன் வயரில் ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று ஒரு கண் வையுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் உங்கள் வீட்டில் இல்லையென்றால், எலக்ட்ரீஷியன் வரும் முதல் நாளே அதைப் பொருத்தச் சொல்லுங்கள். அறுக்கும்போது கிளம்பும் தூசு நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள், முகக்கவசம் ஒரு பெட்டி வாங்கி வையுங்கள்.

உடை மாற்ற அறை என்று முன்பு சொன்னேன் அல்லவா? இந்தத் தொழிலில் இருப்பவர்கள் நல்ல உடையில் வருவார்கள். வந்ததும் பழைய சட்டைக்கு மாறுவார்கள். பெண்கள் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். மாலையில் கை கால் கழுவி, முகம் துடைத்து, தலை வாரி, மறுபடி நல்ல உடைக்கு மாறித்தான் பஸ் ஏறுவார்கள். அதற்கு ஒரு கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரத்தை வேலை நேரத்தில் திருடியதாகக் கணக்குப் பார்க்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. உங்கள் அலுவலகம் முடிந்து நீங்கள் கணினியை மூடிவைக்கிற நேரம் போன்றதுதான் அது. சுவரில் ஒரு சிறு கண்ணாடி மாட்டி வைத்துப் பாருங்கள்.

மதியத் தூக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒன்று முதல் இரண்டு வரை அவர்கள் நேரம். அதற்குள் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் நாம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு மணிக்கு எழவில்லையென்றால் மேஸ்திரிக்குச் சொல்லுங்கள்.

இந்த "மேஸ்திரிக்குச் சொல்லுங்கள்" என்பதுதான் மேற்பார்வையின் முதல் விதி. குறை, மாற்றம், கண்டிப்பு எல்லாம் ஒருவர் வழியாகவே போக வேண்டும். உங்கள் வீட்டிலும் ஒருவர்தான் பேச வேண்டும். நீங்கள் வெள்ளை டைல்ஸ் என்பீர்கள், நீங்கள் கூட்டத்தில் இருக்கும் நேரத்தில் அம்மா வந்து இளம்பச்சை என்பார், பார்க்க வந்த பெரியம்மா குழாயை இடப்பக்கம் வைக்கச் சொல்லுவார். கொத்தனார் மூன்று பேருக்கும் தலையாட்டுவார். யாரையும் எதிர்த்துப் பேசிப் பழகாதவர் அவர். முடிவில் உடைத்துக் கட்டிய கூலி யாருடையது என்று சண்டை வரும். அம்மாவிடம் முன்பே கலந்து பேசி, இறுதி முடிவுகளை ஒரு தாளில் எழுதி, படம் வரைந்து, சுவரில் ஒட்டிவிடுங்கள். இடையில் வேலையைக் கூட்டினால் கூலியும் கூடும் என்பதை மறக்காதீர்கள். "அப்படியே அந்த அலமாரியையும் ஒட்டிவிடுங்கள் தம்பி" என்று அன்பாகச் சொல்வதும் கூலி இல்லாத வேலை வாங்குவதுதான்.

நாள் முழுக்க முதுகுக்குப் பின்னால் நிற்பதால் வேலை நன்றாக நடப்பதில்லை. கை தடுமாறும். பார்க்க வேண்டிய நேரங்கள் சில உண்டு, அப்போது கண்டிப்பாகப் பாருங்கள். சுவருக்குள் குழாய் பதித்ததும், மூடுவதற்கு முன் அழுத்தம் கொடுத்துக் கசிகிறதா என்று சோதிக்க வேண்டும். மூடுவதற்கு முன் எல்லாச் சுவரையும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாளை ஆணி அடிக்கும்போது உதவும். குளியலறைத் தரைக்கு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு போட்டதும் வடிகுழியை அடைத்து, ஒரு நாளாவது தண்ணீரைத் தேக்கி வைத்து, கீழ் வீட்டுக் கூரையைப் போய்ப் பார்க்க வேண்டும். டைல்ஸின் முதல் வரிசையை ஒட்டாமல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டிய பிறகு ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, அது வடிகுழியை நோக்கி ஓடுகிறதா என்று பாருங்கள். இவற்றை முன்கூட்டியே மேஸ்திரியிடம் சொல்லி வைத்தால் அவர் உங்களை மதிப்பார். நல்ல மேஸ்திரிக்கு விவரம் தெரிந்த வீட்டுக்காரரைப் பிடிக்கும்.

பொருள் பாதுகாப்பு. நகை, பணம், மடிக்கணினி, ஆவணங்கள் எல்லாவற்றையும் வேலை தொடங்கும் முந்தின நாளே பூட்டிவிடுங்கள். யாரையும் சந்தேகப்படுவதற்காக அல்ல, யாரையும் சந்தேகப்பட வேண்டிய நிலை வராமல் இருப்பதற்காக. ஆறு வாரத்தில் தூசுக்குப் பயந்து பொருள்கள் பத்து முறை இடம் மாறும். எது எங்கே போனது என்று உங்களுக்கே தெரியாது. ஒரு வீட்டில் மாலை ஆறு மணிக்கு வீட்டுக்காரர் ஒரு சித்தாளின் பையைத் திறந்து காட்டச் சொன்னார். கைக்கடிகாரத்தைக் காணவில்லை. அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் பையைத் தரையில் கொட்டினார். சாப்பாட்டுப் பாத்திரம், ஒரு மடித்த சேலை, மகனுக்கு வாங்கிய கணக்கு நோட்டு. கடிகாரம் இரண்டு நாள் கழித்து, தூசு படாமல் இருக்க வீட்டுக்காரரே சுருட்டி வைத்த திரைச்சீலைக்குள் கிடந்தது. அவர் மன்னிப்புக் கேட்க விரும்பினார். அந்தப் பெண் மறுநாளிலிருந்து எந்த வேலைக்கும் என்னோடு வரவில்லை. மேற்பார்வையாளராக நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன், தடுக்கவில்லை. அது என்னை இன்றுவரை உறுத்துகிறது. உண்மையிலேயே ஏதாவது காணாமல் போனால் முதலில் வீட்டைத் தேடுங்கள். பிறகு மேஸ்திரியிடம் தனியாகப் பேசுங்கள். பெரிய இழப்பு என்றால் காவல் நிலையம் இருக்கிறது. ஒருவர் பையை, உடலைச் சோதிக்கும் அதிகாரம் நமக்கு இல்லை.

கேமரா வைத்திருந்தால் முதல் நாளே காட்டிச் சொல்லிவிடுங்கள். உடை மாற்றும் அறையிலும் கழிப்பறைப் பக்கத்திலும் எக்காரணத்தாலும் இருக்கக் கூடாது. வேலை செய்பவர்களைப் புகைப்படம் எடுத்து, "எங்கள் வீட்டு வேலை நடக்கிறது" என்று எல்லோருக்கும் அனுப்புவதும் அவர்களைக் கேட்காமல் செய்யக் கூடாததுதான்.

நீங்களும் அம்மாவும் மட்டும் இருப்பதால் ஒரு வார்த்தை. வாசற்கதவு திறந்தே இருக்கட்டும். யார் யார் வருகிறார்கள் என்று மேஸ்திரியிடம் பெயர், எண் வாங்கி உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். புது ஆள் வந்தால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். "வீட்டில் வேறு யாரும் இல்லையா?" என்று யாராவது கேட்டால், ஏணியைப் பிடிக்க ஆள் தேடியே கேட்டிருக்கலாம், "என்ன வேண்டும், சொல்லுங்கள்" என்று திருப்பிக் கேட்டால் தெரிந்துவிடும். உங்கள் சொந்த விஷயங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவரில்லை நீங்கள். அதே அளவுகோல் அவர்களுக்கும் உண்டு. என்ன சாதி, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, புருஷன் குடிப்பானா என்றெல்லாம் சித்தாளிடம் கேட்க நமக்கும் உரிமையில்லை. பெரியம்மா கேட்பார், தடுத்துவிடுங்கள். பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடம் என்றே சொல்கிறது. உங்கள் வீட்டில் ஒரு பெண் வேலையாளிடம் யாராவது, அது மேஸ்திரியாகவே இருந்தாலும், உங்கள் உறவினராகவே இருந்தாலும், தவறாக நடந்தால் "எனக்கென்ன" என்று இருக்க முடியாது.

அழைக்கும் முறைக்கு வருகிறேன். ஐம்பது வயதுக் கொத்தனாரைப் பத்து வயதுப் பிள்ளை "வா, போ" என்று அழைப்பதை இன்றும் கேட்கிறேன். அண்ணன், தம்பி, அக்கா, அம்மா, மேஸ்திரி என்று நம்மிடம் சொற்களுக்கா பஞ்சம்? உங்களைவிட மூத்தவரை "நீங்கள்" என்று சொல்லுங்கள். உங்கள் பெயிண்ட் வேலைக்கோ டைல்ஸ் வேலைக்கோ பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ ஆட்கள் வரக்கூடும். மொழி தெரியாது என்பதால் பல வீட்டுக்காரர்கள் அவர்களைச் சைகையிலும் அதட்டலிலும் வேலை வாங்குவார்கள். பெயரைக் கேட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். சத்தமாகச் சொன்னால் தமிழ் புரிந்துவிடாது. டைல்ஸைக் கையில் எடுத்து வைத்துக் காட்டினால் உடனே புரியும்.

இதுவரை சொன்னவற்றில் உங்கள் வசதிக்கேற்பக் கூட்டலாம், குறைக்கலாம். இரண்டு விஷயங்களில் மட்டும், வேலையாளே ஒப்புக்கொண்டாலும் நீங்கள் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஒன்று, கையாளாகச் சிறுவன் ஒருவனை அழைத்து வந்தால். பதினான்கு வயதுக்குக் கீழ் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்று 2016 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் தெளிவாகச் சொல்கிறது. "விடுமுறைதானே, சும்மா அப்பாவோடு வந்திருக்கிறான்" என்பார்கள். நானும் அப்படித்தான் போனேன், ஆனால் பாடம் எழுதத்தான் போனேன். ஒரு செங்கல்லைத் தொட அப்பா விட்டதில்லை. சித்தாள் ஒருவர் குழந்தையை விட ஆளின்றித் தூக்கி வந்தால், தூசு எட்டாத ஓர் அறையைக் கொடுங்கள்.

இன்னொன்று கழிவுநீர்க் குழாய். குளியலறை உடைக்கும்போது இடிபாடு உள்ளே போய், கீழே செப்டிக் டேங்க்வரை அடைத்துக்கொள்வது நடக்கும். "ஓர் ஆளை இறக்கினால் அரை மணியில் முடிந்துவிடும்" என்று யாராவது சொல்வார். முடியாது என்று சொல்லிவிடுங்கள். மூடிய தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு வாயு தேங்கி நிற்கும். அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமே தெரியாது. உள்ளே இறங்கியவர் மயங்கி விழுவார், காப்பாற்ற இறங்கியவரும் விழுவார். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவது முதல் முறையே இரண்டு ஆண்டுகள்வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம். இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சமாக உயர்த்தியது. உறிஞ்சும் வண்டியை வரவழையுங்கள். சங்கம் செலவுக்கு யோசித்தால் நீங்களே கொடுத்துவிடுங்கள்.

கடைசியாகச் சம்பளம். எங்கள் தொழிலில் சனிக்கிழமை மாலை சம்பளம். அன்று இரவுதான் வாரத்து அரிசி, பருப்பு, பிள்ளைக்கு மருந்து எல்லாம் வாங்குவார்கள். "ஏடிஎம்மில் பணம் இல்லை, திங்கட்கிழமை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் சாதாரணமாகச் சொல்லும் வாக்கியத்தில் ஒரு வீட்டின் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். வெள்ளிக்கிழமையே எடுத்து வைத்துவிடுங்கள். ஐந்து மணிக்குக் கொடுங்கள். ஒப்பந்த வேலை என்றால் மேஸ்திரியிடம் மட்டும் கொடுங்கள், அவரைத் தாண்டி ஆட்களுக்குக் கொடுத்தால் கணக்குக் குழம்பும். ஆனால் "எல்லோருக்கும் வந்துவிட்டதா?" என்று அவர் முன்னிலையிலேயே ஒரு முறை கேளுங்கள். அந்தக் கேள்வி போதும். மணல் வரவில்லை, நீங்கள் தேர்ந்தெடுத்த டைல்ஸ் வரவில்லை என்று வேலை நின்றால், வந்துவிட்ட நாள் கூலி ஆட்களைச் சும்மா திருப்பி அனுப்பாதீர்கள். குறைந்தது அரை நாள் கூலி கொடுக்க வேண்டும். முன்பணத்தைப் பொறுத்தவரை, முழுத் தொகையையும் முன்னால் கேட்கும் மேஸ்திரிக்கு இணங்காதீர்கள். குழாய் பதித்ததும் இவ்வளவு, டைல்ஸ் முடிந்ததும் இவ்வளவு என்று பிரித்து எழுதிக்கொண்டு, பத்தில் ஒரு பங்கைச் சிறு குறைகள் தீரும்வரை நிறுத்தி வையுங்கள். இதையும் முதலிலேயே சொல்லிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது. ஆட்களிடம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். 1994 முதல் தமிழ்நாட்டில் அந்த வாரியம் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்கும் விபத்துக்கும் உதவித்தொகை உண்டு. பதிவு செய்யாதவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். நீங்கள் பகல் முழுக்கக் கணினி முன் இருப்பவர். ஒருவருக்குப் பதிவு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க உங்களுக்கு ஒரு மாலை போதும்.

வேலை முடியும் நாளில் பாக்கியைக் கொடுத்து அனுப்பும் முன், எல்லோரையும் உட்கார வைத்து ஒரு டீ. கிராமத்தில் நிலை வைக்கும் நாளில் ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பார்கள்; புதுப்பிக்கும் வேலைக்கு அந்த வழக்கம் இல்லை என்றாலும் கொடுத்தால் மகிழ்வார்கள். சித்தாளுக்கும் சேர்த்து வாங்குங்கள், அவரைத்தான் எப்போதும் மறப்பார்கள். எந்த வால்வை மூடினால் எந்தக் குழாய் நிற்கும் என்று மேஸ்திரியை வைத்துக்கொண்டு எழுதிக்கொள்ளுங்கள். மிச்ச டைல்ஸில் ஒரு பெட்டியை எடுத்து வைத்துவிட்டு, மற்றது யாருக்காவது வேண்டுமா என்று கேளுங்கள். யாராவது ஒருவர் தன் வீட்டுக் குளியலறைக்காகத் தயங்கித் தயங்கிக் கேட்பார்.